குளிர்காலத்தில் பூக்கும் தோட்டச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விதைப் பொட்டலத்திலோ நர்சரிப் பலகையிலோ 'குளிர்காலப் பூ' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கிய செடி ஒரு தோட்டத்தில் பூத்துக் குலுங்குவதும், இன்னொரு தோட்டத்தில் வெறும் இலையாகவே நின்றுவிடுவதும் தோட்டம் வைத்திருக்கும் எல்லோரும் கண்டதுதான். பெரும்பாலும் குறை செடியில் இருப்பதில்லை. உறைபனியே காணாத இடத்தின் குளிர்காலமும், மண் கல்லாக இறுகிப்போகும் இடத்தின் குளிர்காலமும் பெயரளவில்தான் ஒன்று. இரண்டிலும் பூக்கும் செடிகள் ஏறக்குறைய முற்றிலும் வேறு. எனவே எந்தப் பூ அழகு என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு செடியைப் பூக்கத் தூண்டுவது எது, அந்தத் தூண்டுதல் நம் தோட்டத்தில் கிடைக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முதற்படி: உங்கள் குளிர்காலத்தை அளந்துகொள்ளுங்கள்

குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு, உறைபனி விழுமா, குளிர்காலத்தில் மழை உண்டா அல்லது வறட்சியா, பகல் எத்தனை மணி நேரம் என்ற நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத இடங்களை மிதமான குளிர் என்றும், சில இரவுகளில் மட்டும் சுழியத்தைத் தொட்டு மீளும் இடங்களை இலேசான உறைபனி என்றும், வாரக்கணக்கில் மண் உறைந்து கிடக்கும் இடங்களைக் கடுங்குளிர் என்றும் பிரித்துக்கொள்வது நடைமுறைக்குப் போதுமானது.

விதை விற்பனையாளர்கள் பலரும் குறிப்பிடும் தாங்குதிறன் மண்டல எண், அமெரிக்க வேளாண்மைத் துறை வகுத்த 13 மண்டலங்களைச் சேர்ந்தது. அந்த வரைபடம் 2023இல் புதுப்பிக்கப்பட்டது. ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கோடையின் வெப்பத்தைப் பற்றியோ, காற்றின் ஈரத்தைப் பற்றியோ, பகலின் நீளத்தைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. குளிரைத் தாங்கும் என்று எண் உறுதி கூறிய செடி கோடை வெயிலில் கருகிப்போனால், அது எண்ணின் பிழை அன்று.

மாதப் பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும், தெற்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் குளிர்காலம். எதிர் அரைக்கோளத்துக்கு எழுதிய அட்டவணையில் 'செப்டம்பரில் நடுக' என்றிருந்தால் அதை மார்ச் என்று மாற்றிப் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: செடி ஏன் குளிர்காலத்தில் பூக்கிறது என்று கண்டறியுங்கள்

தேர்வின் உயிர்நாடி இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று செல்வது நல்லது. குளிர்காலத்தில் பூக்கும் செடிகளைக் காரணத்தை வைத்து நான்கு கூட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம், நீண்ட இரவுக்காகக் காத்திருப்பவை. சாமந்தி, பாயின்செட்டியா, கலஞ்சோ, கிறிஸ்துமஸ் கள்ளி என்று அழைக்கப்படும் ஸ்க்லம்பர்கெரா ஆகியவை இதில் அடங்கும். செடிகள் இரவு பகலின் நீளத்தைக் கணக்கிடுகின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலைச் செடியை வைத்து நிறுவினார்கள். இவற்றைக் குறும்பகல் செடிகள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும், உண்மையில் செடி அளப்பது இடையறாத இருட்டைத்தான். பாயின்செட்டியாவின் மேலிலைகள் சிவக்க, நாள்தோறும் ஏறக்குறைய 14 மணி நேர இருட்டு எட்டு முதல் பத்து வாரங்களுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். நடு இரவில் சிறிது நேரம் விளக்கு எரிந்தாலும் கணக்குக் கலைந்துவிடும். தெருவிளக்கின் அடியில் வைத்த சாமந்தியில், விளக்கொளி படும் பக்கத்துக் கிளைகள் பச்சையாகவே நிற்க, நிழலில் இருக்கும் மறுபக்கம் மட்டும் மொட்டு கட்டுவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். இந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் குளிரைவிட விளக்கைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். குளிர் மிதமான இடங்களுக்கு இவை மிகவும் பொருத்தமானவை.

இரண்டாம் கூட்டம், குளிரே தூண்டுகோலாக அமைந்தவை. டியூலிப், ஹயசிந்த் போன்ற குமிழ்க்கிழங்குகளுக்குள் பூத்தண்டு நீள, 9 டிகிரிக்கும் கீழான குளிரில் 12 முதல் 16 வாரங்கள் வரை கிடந்தாக வேண்டும். அது கிடைக்காத இடத்தில் இலை வரும்; பூ வந்தாலும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். கிழங்குகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஈடுசெய்யலாம். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்கள் இருந்தால் அவை வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருகச் செய்துவிடும். ஆண்டுதோறும் இந்தப் பாடுபட விருப்பமில்லாதவர்களுக்குப் பேப்பர்ஒயிட் நார்சிஸஸ் மேல். அதற்குக் குளிரூட்டல் தேவையில்லை, நட்ட நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும்.

மூன்றாம் கூட்டம், கோடையிலேயே மொட்டைக் கட்டிவைத்துக்கொண்டு குளிரில் விரிப்பவை. கேமெலியா, விட்ச் ஹேசல், மஞ்சள் நிறக் குளிர்கால மல்லிகை முதலியன இவ்வகை. இவற்றின் குளிர்காலப் பூவைத் தீர்மானிப்பது முந்தைய கோடை. கோடைப் பிற்பகுதியில் கேமெலியாவின் வேர் காய்ந்துவிட்டால், பல மாதங்கள் கழித்து மொட்டுகள் விரியாமலே உதிரும். அப்போது உரம் வைத்துப் பயனில்லை. கோடையில் நீர் தர இயலாத இடத்துக்கு இந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

நான்காம் கூட்டம், இதமான குளிரை விரும்பும் பருவச் செடிகள். பேன்சி, வயோலா, ஆண்டிரைனம், டயாந்தஸ், காலெண்டுலா, ஃபிளாக்ஸ், ஸ்வீட் பீ, அலிசம், நஸ்டர்ஷியம், பெட்டூனியா ஆகியவற்றுக்குக் கட்டாயக் குளிரூட்டல் தேவையில்லை. வெப்பம் கூடினால்தான் சோர்ந்துவிடும். இவற்றுக்குள்ளும் தாங்குதிறன் வேறுபடும். பேன்சியும் வயோலாவும் இரவு உறைபனியில் துவண்டு படுத்துவிட்டு வெயில் ஏறியதும் நிமிரும். ஆண்டிரைனமும் காலெண்டுலாவும் இலேசான உறைபனியைத் தாங்கும். பெட்டூனியாவும் நஸ்டர்ஷியமும் உறைபனியில் அழிந்துவிடும். முதன்முறை தோட்டம் போடுபவர் எந்தத் தட்பவெப்பத்தில் இருந்தாலும் இந்தக் கூட்டத்திலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். தேர்வு தவறினாலும் இழப்பு ஒரு பருவம்தான்.

மூன்றாம் படி: குளிர்கால நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள்

கோடையில் வெயில் கொட்டிய பாத்தி குளிர்காலத்தில் முழு நிழலுக்குள் போய்விடலாம். 90இலிருந்து உங்கள் அட்சரேகையையும், பிறகு 23.4ஐயும் கழித்தால், ஆண்டின் மிகக் குறுகிய பகலில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும் என்பது கிடைக்கும். அட்சரேகை 10இல் அது 56.6 டிகிரி; 2 மீட்டர் உயரச் சுவரின் நிழல் அங்கே சுமார் 1.3 மீட்டரில் முடிந்துவிடும். அட்சரேகை 50இல் அது 16.6 டிகிரி மட்டுமே. அதே சுவரின் நிழல் ஏறக்குறைய 6.7 மீட்டர் நீளும். பகலின் நீளமும் முன்னதில் பதினொன்றரை மணி நேரம், பின்னதில் எட்டு மணி நேரம் அளவுதான். உயர் அட்சரேகைகளில் முழு வெயில் கேட்கும் செடியை வாங்குமுன், அந்த வெயில் குளிர்காலத்திலும் அங்கே விழுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

நிழல் விழுந்தால் வருந்த வேண்டியதில்லை. கடுங்குளிர்ப் பகுதிகளில் மஹோனியா, சார்க்கோகாக்கா, ஹெலிபோர் ஆகிய மூன்றும் அரைநிழலில் நன்றாகவே பூக்கும். இலையுதிர்க்கும் மரத்தின் அடி குமிழ்க்கிழங்குகளுக்கு ஏற்ற இடம். மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களில்தான் அவற்றுக்கு ஒளி வேண்டும், மரம் தழைக்கும்போது அவை உறங்கப் போய்விடும்.

குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் வழிந்து பள்ளத்திலும் வேலியோரத்திலும் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் கடைசியில் விலகுவதும் அங்கேதான். சற்றே மென்மையான செடிகளை மேட்டில் வையுங்கள். கேமெலியாவைக் காலை வெயில் நேராகப் படும் கிழக்குப் பக்கத்தில் நடக்கூடாது. இரவில் உறைந்த மொட்டு சட்டென்று உருகும்போது இதழ்கள் பழுப்பேறிவிடும்.

நான்காம் படி: மண்ணில் நீர் வடிகிறதா என்று சோதியுங்கள்

குளிரால் செத்தது என்று நாம் நினைக்கும் செடிகளில் பல, உண்மையில் ஈரத்தில் வேர் அழுகிச் செத்தவை. 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள குழி தோண்டி, நீரை நிரப்பி, அது வடிந்தபின் மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் 2.5 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் வடிகால் போதாது. மேட்டுப்பாத்தி எடுப்பதும் மட்கு உரத்தைத் தாராளமாகக் கலப்பதும் அவசியம். குளிர்காலம் மழைக்காலமாகவும் இருக்கும் இடங்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

மண்ணின் அமிலத் தன்மையும் சில செடிகளை ஒரேயடியாக விலக்கிவிடும். கேமெலியாவுக்கு பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் அதன் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எரிகா என்ற குறும்புதர் இனங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பை வெறுத்தாலும், குளிர்காலத்தில் பூக்கும் எரிகா கார்னியா ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: இடத்துக்கு ஏற்ற செடிகளைப் பட்டியலிடுங்கள்

மிதமான குளிர் உள்ள இடத்தில் வாய்ப்புகள் அதிகம். புதர்ச்செடிகளில் டிசம்பர் பூ முதலில் நினைவுக்கு வர வேண்டியது. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம் வளர்ந்து, ஊதாவிலும் வெள்ளையிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும், பெரிய பராமரிப்பும் கேட்காது. பந்தல் அல்லது மதிலுக்குப் பைரோஸ்டீஜியா கொடி உண்டு. குளிர்காலத்தில் இலையே தெரியாதபடி செம்மஞ்சள் பூக்களால் மூடிவிடும். ஆனால் பல மீட்டர் படரும் வேகமுள்ளது என்பதால் சிறிய வேலியில் ஏற்றக்கூடாது. துலுக்கச் சாமந்தி, காஸ்மாஸ், டேலியா, பருவச் செடிகள் ஆகியவை தரையை நிரப்பும். கிளேடியோலஸ் கிழங்கு நட்டதிலிருந்து 70 முதல் 100 நாட்களில் பூக்கும். இரண்டு வார இடைவெளியில் சிறிது சிறிதாக நட்டால் பூ தொடர்ந்து வரும்.

இலேசான உறைபனி விழும் இடத்தில் கேமெலியாவே அரசி. சசான்குவா வகைகள் இலையுதிர்காலம் முதல் குளிர்காலத் தொடக்கம் வரையும், ஜப்பானிகா வகைகள் குளிர்காலப் பிற்பகுதி முதல் வசந்தம் வரையும் பூக்கும். இரண்டிலும் ஒவ்வொன்று நட்டால் இடைவெளி அநேகமாக மறைந்துவிடும். குளிர்காலத்தில் வறட்சி நிலவும் இடமானால் தென்னாப்பிரிக்கக் கற்றாழை இனங்களைக் கவனியுங்கள்: அலோ அர்போரெசென்ஸ், அலோ ஃபெராக்ஸ் இரண்டும் நடுக்குளிரில் செந்நிறக் கதிர்களை எடுக்கும். ஆஸ்திரேலியாவின் கிரெவிலியா வகைகளும் ஹார்டன்பெர்ஜியா கொடியும் இந்தத் தட்பவெப்பத்துக்கு இசைந்தவை.

கடுங்குளிர்ப் பகுதியில் பட்டியல் குறுகும். முதலிடம் விட்ச் ஹேசலுக்கு. நாடா போன்ற அதன் மெல்லிய இதழ்கள் குளிர் முற்றும்போது சுருண்டுகொண்டு, வெப்பம் சற்றே ஏறியதும் மீண்டும் விரியும். ஒவ்வொரு பூவும் நெடுநாள் நிற்பதற்கு இதுவே காரணம். தொலைவிலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் சிவப்பைவிட வெளிர்மஞ்சள் வகையான பாலிடாவை எடுங்கள். மங்கிய ஒளியில் சிவப்பு எடுபடுவதில்லை. குளிர்கால மல்லிகை 1844இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவரால் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலையற்ற பச்சைத் தண்டுகளில் மஞ்சள் பூக்களைத் தரும். மல்லிகை என்ற பெயரைக் கேட்டு மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. மணம் வேண்டுவோர்க்கு டாஃப்னி, சார்க்கோகாக்கா, சிமோனாந்தஸ் மூன்றும் உண்டு. குளிரில் பறக்கும் பூச்சிகள் குறைவு என்பதால் இவை தொலைவிலிருந்தே அழைக்கும் மணத்தை வைத்திருக்கின்றன. வாசல் நடையோரம் வையுங்கள். சிமோனாந்தஸை விதையிலிருந்து வளர்த்தால் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒட்டுச்செடியையே கேளுங்கள்.

அங்கேயே தரைமட்டத்தில் ஸ்னோட்ராப், மஞ்சள் எரான்திஸ், சைக்ளமென் கோம், குரோக்கஸ் ஆகியவை ஒன்றையடுத்து ஒன்று வரும். ஹெலிபோரின் இதழ்களாகத் தெரிபவை உண்மையில் புல்லி இதழ்கள். அதனால்தான் அவை மாதக்கணக்கில் உதிராமல் நிற்கின்றன. பூ தலைகுனிந்திருக்கும் இயல்புள்ளதால், சமதரையில் நட்டால் அதன் முதுகைத்தான் பார்க்க நேரும். மேட்டிலோ தொட்டிச் சுவரின் மேலோ நடுங்கள்.

ஆறாம் படி: நர்சரியில் செடியைப் பரிசோதியுங்கள்

முழுவதும் பூத்து நிற்கும் செடியைவிட, மொட்டுகள் நிறைந்து ஓரிரண்டு மட்டும் விரிந்திருக்கும் செடியை எடுங்கள்; நிறம் சரிதானா என்று பார்க்க அந்த ஓரிரண்டு போதும். தொட்டியைச் சாய்த்து வேர்ப்பந்தைப் பாருங்கள்: வேர்கள் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்க வேண்டும், கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடித்தால் வைத்துவிடுங்கள். விட்ச் ஹேசல் பெரும்பாலும் ஒட்டுச்செடியாகவே விற்கப்படுகிறது. ஒட்டுக்குக் கீழே போத்துகள் கிளம்பியிருந்தால், அவற்றை அடியோடு நீக்காவிட்டால் நாளடைவில் ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடியே மேலோங்கிவிடும்.

குமிழ்க்கிழங்கு கையில் கனமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஸ்னோட்ராப் கிழங்கு விரைவில் காய்ந்துபோகும் என்பதால், உலர்ந்த கிழங்கைவிடப் பூத்து முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே பெயர்த்து விற்கப்படுவதை வாங்குவது பாதுகாப்பானது. ஸ்னோட்ராப், சைக்ளமென் இரண்டும் காட்டிலிருந்து பெருமளவில் தோண்டப்பட்டதால் அவற்றின் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. தோட்டத்தில் பெருக்கப்பட்டவைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில் இன்னொரு வடிகட்டலும் தேவை. டாஃப்னி, ஹெலிபோர், ஸ்னோட்ராப் கிழங்கு, சைக்ளமென் கிழங்கு ஆகியவை நஞ்சு. பாயின்செட்டியாவின் கெட்ட பெயர் மட்டும் மிகைப்படுத்தப்பட்டது. அதன் பால் பட்டால் தோலில் அரிப்பு வரும், தின்றால் வயிற்றைப் புரட்டும், ஆனால் கொடிய நஞ்சு அன்று. வேகமாகப் பரவும் செடிகளையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். குளிர்காலத்தில் பொன்னாய்ப் பூக்கும் அகேசியா பெய்லியானா, தாயகமான ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அங்கே களையாகிவிட்டது.

ஏழாம் படி: நடும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

குளிர்காலம் வந்தபின் செடியைத் தேடுவது காலங்கடந்த வேலை. பேன்சி விதை முளைக்க 18 முதல் 20 டிகிரி வெப்பம் போதும். அதற்கு மேல் போனால் முளைப்பு குறையும். விதைத்ததிலிருந்து பூக்க 12 வாரங்களுக்கு மேல் ஆகும் என்பதால், குளிர் தொடங்குவதற்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே நிழலான, குளிர்ந்த இடத்தில் நாற்றங்கால் போட வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் நாற்றாக வாங்குவதே நல்லது. சாமந்தியில் கிளை பெருக நுனி கிள்ளுவதை, பூ வேண்டிய நாளுக்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

புதர்களையும் குமிழ்க்கிழங்குகளையும் கோடைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட காலத்தில், மண்ணில் வெப்பம் எஞ்சியிருக்கும்போதே நட்டால் வேர் பிடித்துவிடும். கிழங்கை அதன் உயரத்தைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழத்தில் புதையுங்கள். சைக்ளமென் மட்டும் விதிவிலக்கு, மேலாக நடுங்கள். எரான்திஸ் கிழங்கை முந்தைய இரவே நீரில் ஊறவைப்பது பயன் தரும். தொட்டியில் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நிலத்தில் வேரைச் சுற்றி மண் போர்வை உண்டு, தொட்டியில் நாற்புறமும் குளிர்காற்றுதான். உறைபனி உள்ள இடத்தில் தொட்டிக்கு, நிலத்தில் தேவைப்படுவதைவிட இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

எட்டாம் படி: பூத்து முடிந்தபின்

குளிர்கால மல்லிகையும் பைரோஸ்டீஜியாவும் பூத்து முடிந்த உடனேயே கவாத்து செய்யப்பட வேண்டியவை. பிறகு வளரும் கிளைகளில்தான் அடுத்த பூ வரும். கோடை முடிந்தபின் வெட்டினால் பூவையே வெட்டுகிறோம். விட்ச் ஹேசலையும் டாஃப்னியையும் கூடுமானவரை வெட்டாமல் விடுவதே நலம். ஆகவே இவற்றின் முழு வளர்ச்சி எவ்வளவு என்று நடும்போதே கேட்டு இடம் ஒதுக்குங்கள். விட்ச் ஹேசல் மெதுவாக வளர்ந்தாலும் நான்கு மீட்டரை எட்டிவிடும். ஹெலிபோரில் மொட்டு தலைகாட்டும்போது புள்ளி விழுந்த பழைய இலைகளை அடியோடு அறுத்துவிடுங்கள். நோயும் குறையும், பூவும் தெரியும்.

குமிழ்க்கிழங்குச் செடிகளின் இலைகளைப் பூ வாடியதும் அறுக்கக்கூடாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான சேமிப்பை அந்த இலைதான் செய்கிறது. குறைந்தது ஆறு வாரங்கள், அல்லது தானாகவே மஞ்சளாகிப் படுக்கும்வரை விட்டுவிட்டு, இலை மறையும் முன் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். கோடையில் வேறு செடி வைக்க மண்வெட்டியை எடுக்கும்போது கிழங்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.